மச்சானின் செஸ்னாவில் ஏறலாமா?

"அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் அங்கே போகும்போது வாடகைக்கு ஒரு செஸ்னா எடுத்து என்னைக் கூட்டிப் போகிறேன் என்கிறார். சின்ன விமானங்கள் இறங்கும்போதுதான் அதிகம் விபத்துக்குள்ளாகின்றன என்று படித்தேன். உண்மையா? ஏறலாமா?" இதுதான் கேள்வி.

படித்தது சரிதான், ஆனால் பாதிதான். அமெரிக்காவில் சிறு விமான விபத்துகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். விமானியின் பிழையால் நடப்பவற்றில் இறங்கும்போது நடப்பவைதான் எண்ணிக்கையில் முதலிடம். மறுபாதி என்னவென்றால், அவற்றில் உயிர் போவது நூற்றுக்கு ஒரு சில தடவைதான். மற்றதெல்லாம் மூக்குச் சக்கரம் மடங்குவது, ப்ரொப்பெல்லர் தரையில் உரசி வளைவது, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் நிற்பது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்து இறங்கி, போனில் நாலு படம் எடுத்துவிட்டு, காப்பீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள்.

அதனால் 'இறங்கும்போது விபத்து' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கிடக்கின்றன. ஒன்று விமானத்தை உடைப்பது. அது ஓடுபாதையில் நடக்கிறது. மற்றது ஆளைக் கொல்வது. அது பெரும்பாலும் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்னாலேயே, சில நூறு அடி உயரத்தில், ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில் நடக்கிறது. அல்லது இறங்க வேண்டாம் என்று முடிவு செய்து மறுபடி மேலேறும் அந்தச் சில நொடிகளில். பக்கத்து சீட்டில் இருப்பவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதோ சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் டெக்சாஸில் ஒன்பது வருடமாக இதே உரிமம் வைத்திருக்கிறேன். பிழைப்பு கணினி, சனி ஞாயிறு செஸ்னா. என் அனுபவம் பெரிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பாக இறங்குவதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதலில், சரியான இறக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். உங்கள் மச்சான் எடுக்கப்போவது பெரும்பாலும் செஸ்னா 172 ஆகத்தான் இருக்கும். 1956இல் விற்பனைக்கு வந்து இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். இந்த அளவுக்கு வேறு எந்த விமானமும் செய்யப்பட்டதில்லை. தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறப்பார்கள். அது டவுன்விண்ட். பிறகு 90 டிகிரி திரும்பினால் பேஸ். இன்னொரு 90 டிகிரி திரும்பினால் ஓடுபாதை நேர் எதிரே, அது ஃபைனல். ஃபைனலில் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை; மெதுவாக வந்தாலும் இறக்கை தாங்க உதவுவது) முழுதும் இறக்கி, 60 முதல் 70 நாட் வேகத்தில் சறுக்கிக்கொண்டே வர வேண்டும். 65 நாட் என்பது மணிக்கு 120 கிலோமீட்டர். நம் ஊர் நான்குவழிச் சாலையில் கார்கள் போகும் வேகம்தான்.

தரைக்குப் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது மூக்கை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். இதற்கு ஃபிளேர் என்று பெயர். இஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். விமானம் இறங்கத் துடிக்கும், நீங்கள் விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். வேகம் குறையக் குறைய இடது இறக்கையிலிருந்து ஒரு சத்தம் வரும். 172இல் அந்த எச்சரிக்கை மின்சார மணி இல்லை. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே ஒரு பீப்பி. காற்று உறிஞ்சப்படும்போது அது முனகும், சீவாளியை நனைக்காமல் நாதஸ்வரம் ஊதிப் பார்க்கிற பையன் எழுப்பும் சத்தம் போல. இறக்கை தாங்கும் சக்தியை இழப்பதற்கு 5 முதல் 10 நாட் முன்னால் அது கத்த ஆரம்பிக்கும். நல்ல இறக்கத்தில் அந்த முனகலோடு பின்சக்கரம் இரண்டும் தரையைத் தொடும், மூக்குச் சக்கரம் அப்புறம் நிதானமாகத் தொடும்.

இது எங்கே கெடுகிறது? பத்தில் எட்டுத் தடவை வேகத்தில் கெடுகிறது என்பது என் கணிப்பு. மெதுவாக வந்தால் விழுந்துவிடுவோம் என்று முதல் நாளிலிருந்து பயமுறுத்தி வைத்திருப்பதால், புதுசாக உரிமம் வாங்கியவர்கள் பத்து நாட் கூட்டி வைத்துக்கொள்வார்கள். கையில் கொஞ்சம் காசு கூட இருக்கட்டும் என்பது போல. ஆனால் வேகத்தின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 65க்குப் பதில் 75 நாட்டில் வந்தால் வேகம் ஆறில் ஒரு பங்குகூட ஏறவில்லை, கரைக்க வேண்டிய ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதைக் கரைக்க இடம் வேண்டும். இரண்டு இறக்கை நுனிகளுக்கும் இடையே உள்ள தூரம் அளவுக்குத் தரையை நெருங்கிவிட்டால் காற்றின் இழுப்பு குறைந்து விமானம் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி மிதக்கத் தொடங்கும். ஓடுபாதை ஓடிக்கொண்டே இருக்கும், இவர் மிதந்துகொண்டே இருப்பார்.

அப்போது பொறுமை போகும். போதும் இறங்கு என்று மூக்கை அழுத்துவார். என் கதை அதுதான். பயிற்சியில் முப்பது மணி நேரம் முடிந்திருந்த சமயம், காலை ஒன்பதரை மணி, காற்றே இல்லை. 78 நாட்டில் வந்து பாதி ஓடுபாதை வரை மிதந்தேன். எதிரே மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஸ்டியரிங்கை முன்னால் தள்ளினேன். மூக்குச் சக்கரம் முதலில் அடித்தது. அடித்த வேகத்தில் மூக்கு எகிறியது, விமானம் ஐந்தாறு அடி மேலே போயிற்று. எகிறியதைப் பார்த்து மறுபடி தள்ளினேன். இரண்டாவது அடி முதல் அடியைவிடப் பலம். டாஷ்போர்டின் மேல் வைத்திருந்த என் கறுப்புக் கண்ணாடி பறந்து பின் சீட்டுக்குப் போனது. மூன்றாவதுக்கு நான் தள்ளுவதற்குள் பயிற்சியாளர் கை என் கையைத் தட்டிவிட்டு இஞ்சின் பலத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுதும் உள்ளே தள்ளியது. "மை ஏர்ப்ளேன்" என்ற இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு சுற்று முடித்து அவரே இறக்கினார். அப்புறம் என்னைக் கீழே குனிய வைத்து மூக்குச் சக்கரத்தின் தண்டு எங்கே மாட்டியிருக்கிறது என்று காட்டினார். இஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய தகட்டுச் சுவரில். அந்தச் சுவர் சுருங்கினால் ரிப்பேர் பில் விமானத்தின் விலையில் கணிசமான பங்கு. மூக்கு கனமான செஸ்னா 182ஐப் பழசாக வாங்குகிறவர்கள் டார்ச் அடித்துத் தேடுவது அந்தச் சுவரில் உள்ள சுருக்கத்தைத்தான்.

இந்தத் துள்ளலின் விஷமம் என்னவென்றால், விமானி சரிசெய்யப் பார்ப்பதே அதைப் பெரிதாக்குகிறது. விமானம் மேலே போகும்போது இவர் கீழே தள்ளுவார். கை வேலை செய்யும் நேரத்தில் அது ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதம், ஒவ்வொரு முறையும் அடி கூடும். மூன்றாவது நான்காவது அடியில் மூக்குச் சக்கரம் போய்விடும். முதல் துள்ளலிலேயே முழு இஞ்சின் கொடுத்து மேலே போய்விட்டால் ஒன்றும் இல்லை. ஆனால் ஓடுபாதைக்கு மூன்றடி மேலே இருக்கும் மனிதனுக்கு, இறங்கியாகிவிட்டது என்றுதான் மனசு சொல்லும்.

காற்று இதற்கு அடுத்தது. பக்கவாட்டுக் காற்றுக்கு 172இன் 'எஸ்' ரகக் கைநூலில் 15 நாட் என்று ஒரு எண் இருக்கிறது. அது சட்டம் போட்ட வரம்பு இல்லை; சோதனை விமானி அந்த அளவு காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதுதான் அதன் பொருள். அந்தச் சோதனை விமானி உங்கள் மச்சான் இல்லை. 20 நாட் காற்று ஓடுபாதைக்கு 30 டிகிரி சாய்ந்து வந்தால் பக்கவாட்டில் தள்ளுவது 10 நாட்தான், சமாளிக்கலாம். நேர் குறுக்கே வந்தால் இருபதும் பக்கவாட்டில். பின்காற்றின் கணக்கு இன்னும் மோசம். 60 நாட்டில் இறங்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று 10 நாட் என்றால் தரையை 50 நாட்டில் தொடும். அதே 10 நாட் பின்னாலிருந்து வந்தால் 70. ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து இறங்குகிறோம் என்ற ஒரே முடிவில் இவ்வளவு வித்தியாசம்.

மலையூர்களில் இன்னொன்று. கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. வேகமானியின் முள் 65 நாட் காட்டும்போது விமானம் உண்மையில் 75க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கீழே சமவெளியில் பழகியவருக்குத் தரை ஓடுகிற வேகத்தைப் பார்த்ததும் வேகம் அதிகம் என்று தோன்றும், குறைப்பார். அது வேறு விதமான விபத்து.

பின்னால் சின்னச் சக்கரம் வைத்த பழைய விமானங்கள், பைப்பர் கப் மாதிரி, தனி ஜாதி. அவற்றின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைப் பின்பக்கமாக ஓங்கித் தள்ளிவிட்டுப் பாருங்கள், சட்டென்று வளைந்து தலைமாறிக்கொள்ளும். கப் தரையில் செய்வது அதேதான். இறங்கியாகிவிட்டது என்று கால் ரட்டரில் (வாலில் இருக்கும், மூக்கை இடம் வலம் திருப்பும் பலகை; காலால் மிதித்து இயக்குவது) தளர்ந்தால், நடக்கும் வேகத்தில்கூடச் சுழன்று ஓர் இறக்கையைத் தரையில் குத்திவிடும். உங்கள் மச்சான் எடுப்பது 172 என்றால் இந்தக் கவலை இல்லை.

சக்கரத்தை வெளியே எடுக்க மறந்து வயிற்றால் இறங்குவதும் அவருக்குக் கிடையாது, 172இன் சக்கரங்கள் எப்போதும் வெளியேதான் இருக்கும். ஆனால் இந்த ஒரு விபத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை, ஏனென்றால் 'விமானியின் பிழை' என்று எழுதி மூடிவிடுவதில் எவ்வளவு சோம்பேறித்தனம் இருக்கிறது என்பதை இது காட்டும். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாக இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றில் உட்கார்ந்தன. களைத்துப்போன விமானி ஃபிளாப்பை மடக்க நினைத்துப் பக்கத்தில் இருந்த சக்கர ஸ்விட்சைத் தட்டியிருப்பார். இரண்டும் ஒரே மாதிரி, ஒன்றை ஒட்டி ஒன்று. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற ராணுவ உளவியலாளர் விமானிகளைத் திட்டுவதை விட்டுவிட்டு, சக்கர ஸ்விட்சின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும் ஃபிளாப் ஸ்விட்சில் ஓர் ஆப்பு வடிவத்தையும் ஒட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் வித்தியாசம் தெரியும். இன்றும் சக்கரம் மடங்கும் பெரும்பாலான சிறு விமானங்களில் அந்தப் பிடி குட்டிச் சக்கர வடிவில்தான் இருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. போருக்குப் பிறகு 1947இல் வந்த பீச்கிராஃப்ட் பொனான்சா, செல்வந்தர்களின் குடும்ப விமானம், சக்கரப் பிடியையும் ஃபிளாப் பிடியையும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறாக இடம் மாற்றி வைத்திருந்தது. வேறு விமானத்தில் பழகிய கை ஃபிளாப் இருக்கும் இடம் என்று போனால் அங்கே சக்கரம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980இல் பொனான்சாவையும் அதன் இரட்டை இஞ்சின் அண்ணனான 'பாரன்' விமானத்தையும் குறிப்பாக எடுத்து, இது வடிவமைப்பு வரவழைக்கும் விபத்து என்று தலைப்பிலேயே சொல்லி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்குள் எத்தனை பேர் வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நின்றிருப்பார்கள்!

சரி, இனி ஆளைக் கொல்லும் பக்கம்.

பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் அந்தக் கடைசித் திருப்பம். உயரம் சுமார் 500 அடி. வேகம் குறைவு. பேஸில் பின்காற்று இருந்தால் நினைத்ததைவிட வேகமாக வந்து ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவார்கள். தாண்டியதைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் சாய்த்துத் திருப்பிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். இறக்கையைச் சாய்க்கச் சாய்க்க, உயரம் குறையாமல் பிடித்தால், இறக்கை சுமக்க வேண்டிய பாரம் கூடும். 30 டிகிரி சாய்வில் விமானம் தாங்கும் குறைந்தபட்ச வேகம் 7 சதவீதம்தான் ஏறும். 45இல் 19 சதவீதம். 60இல் 41. தரைக்குப் பக்கத்தில் இவ்வளவு சாய்ப்பதா என்று பயந்து சாய்வை நிறுத்திவிட்டு, மூக்கை ஓடுபாதைப் பக்கம் கொண்டுவர உள்பக்க ரட்டரை மிதிப்பார்கள். அதுதான் கண்ணி. மிதித்தால் மூக்கு திரும்பும், கூடவே கொஞ்சம் இறங்கும். இறங்குகிறதே என்று ஸ்டியரிங்கை இழுப்பார்கள். இப்போது உள்பக்க இறக்கை வெளிப்பக்க இறக்கையைவிட மெதுவாகப் போகிறது, மேலே தூக்கவும் சொல்லப்படுகிறது. தாங்கும் சக்தியை அதுதான் முதலில் இழக்கும். விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து சுழலத் தொடங்கும்.

உயரத்தில் இது ஒரு பயிற்சி. மீண்டுவிடலாம். ஆனால் 172 ஒரு சுற்று சுழன்று மீளச் சுமார் 1,000 அடி வேண்டும். கையில் இருப்பது 500. விமானி எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அந்த இடத்தில் ஒரு பொருட்டே இல்லை. வேதனை என்னவென்றால் கோட்டைத் தாண்டியது ஒரு தப்பே இல்லை. அப்படியே தாண்டிப் போய், மேலேறி, இன்னொரு சுற்று வந்தால் ஐந்து நிமிடமும் கொஞ்சம் பெட்ரோலும் செலவு. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது.

அப்படியானால் சந்தேகம் வந்தால் மேலே போய்விட வேண்டியதுதானே? ஆம். இதற்கு கோ-அரவுண்ட் என்று பெயர். எல்லாப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆனால் யாரும் போதுமான தடவை செய்து பார்ப்பதில்லை. ஒருவர் நூறு முறை இறங்கிப் பழகியிருப்பார், கோ-அரவுண்ட் பத்துகூடச் செய்திருக்க மாட்டார். அதுவும் பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லிவைத்து, அமைதியான காலை நேரத்தில். நிஜத்தில் அது வருவது எதிர்பாராத நேரத்தில்தான். இஞ்சினை ஒரேயடியாக முழு பலத்துக்குக் கொண்டுபோனதும் மூக்கு எழும்பும், இடப்பக்கம் இழுக்கும். கை அழுத்திப் பிடிக்க வேண்டும், வலது கால் மிதிக்க வேண்டும். அதே நேரத்தில் ஃபிளாப்பைப் படிப்படியாக மடக்க வேண்டும். அந்தப் 'படிப்படியாக' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. 172 எஸ் ஃபிளாப்பை முழுக்க இறக்கியிருந்தால் முள்ளில் 40 நாட் வரை தாங்கும். முழுக்க மடக்கினால் 48க்குக் கீழே தாங்காது. 44 நாட்டில் முழு ஃபிளாப்போடு விமானம் பறக்கிறது. அதே நொடியில் ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால், வேகம் மாறாமலே, பறக்காது.

2016 ஜூன் 9 அன்று ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்தில் நடந்தது இதுதான். ஓக்லஹோமாவிலிருந்து மூன்று பேர் ஒரு சிரஸ் எஸ்.ஆர்.20இல் வந்தார்கள்; ஒரே குடும்பம். ஹாபி பெரிய நிலையம், சவுத்வெஸ்ட் என்ற விமான நிறுவனத்தின் போயிங் 737 பயணி விமானங்கள் வரிசைகட்டி இறங்கும் இடம். சின்ன விமானம் மெதுவாக வரும், பின்னால் வரும் 737ஆல் அவ்வளவு மெதுவாக வர முடியாது. இடைவெளி குறைவதைப் பார்த்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம் முதல் முயற்சியைக் கைவிடச் சொன்னது. வேறு ஓடுபாதைக்குத் திருப்பியது. அடுத்த முயற்சியில் விமானம் உயரம் அதிகமாக வந்து, மறுபடி கைவிட்டது. அதற்கடுத்ததிலும் உயரம் அதிகம். ஒவ்வொரு தடவையும் புதிய திசை, புதிய கட்டளை, இடப்பக்கம் பார், வலப்பக்கம் போ. கடைசி கோ-அரவுண்டில், வேகம் போதுமான அளவு ஏறுவதற்குள் ஃபிளாப் மடக்கப்பட்டது. விமானம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது இறக்கை தாங்கும் சக்தியை இழந்தது. சுழன்று ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

சிரஸில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு, அந்தக் கம்பெனியின் பெருமையே அதுதான். ஆனால் சுழலும் விமானத்தில் அது விரிந்து தாங்கச் சுமார் 900 அடி வேண்டும்.

இந்த விபத்தின் வானொலிப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. நான் ஒரு தடவை கேட்டேன், இரண்டாம் தடவை கேட்கவில்லை. விமானி கடைசி வரை மரியாதையாக, ஒவ்வொரு கட்டளையையும் திருப்பிச் சொல்லி, ஒத்துழைத்துக்கொண்டே இருக்கிறார். பாதுகாப்பு வாரியம் ஃபிளாப் மடக்கப்பட்ட முறையை முதல் காரணமாகச் சொன்னது. கட்டுப்பாட்டாளர்கள் நடந்துகொண்ட விதத்தையும் துணைக் காரணமாகச் சேர்த்தது. எனக்குத் தோன்றுவது: 'எனக்கு ஒரு பத்து நிமிடம் வேண்டும், ஊருக்கு வெளியே சுற்றிவிட்டு வருகிறேன்' என்று சொல்ல ஒரு விமானிக்கு முழு உரிமை உண்டு என்பதை நாங்கள் யாரும் போதுமான அளவு சத்தமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. கோபுரத்தில் இருப்பவரை வாத்தியார் போலப் பார்த்துப் பழகிவிட்டோம்.

நல்ல இறக்கம், கெட்ட இறக்கம் என்பதை விமானத்தின் நிலையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு இரண்டு பக்கத்துக்கும் உதாரணம். 2015 மார்ச்சில் சான்டா மோனிகாவில் ஏறிய சற்று நேரத்தில் அவருடைய பழைய ரயன் பயிற்சி விமானத்தின் இஞ்சின் சக்தி இழந்தது. கார்புரேட்டருக்குள் ஒரு பாகம் கழன்றிருந்தது. ஒரு மரத்தின் உச்சியில் உரசி, கோல்ஃப் மைதானத்தில் போட்டார். விமானம் நொறுங்கியது, எலும்பு முறிந்தது, ஆனால் வேகத்தை விடாமல் கடைசி வரை பறக்கவைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் ஆள் பிழைத்தார். 2017 பிப்ரவரியில் ஜான் வெய்ன் விமான நிலையத்தில் அவர் ஹஸ்கி என்ற சின்ன விமானத்தை இறக்கினார். கீறல்கூட இல்லை. ஆனால் ஓடுபாதைக்குப் பதில் பக்கத்தில் இருந்த டாக்சிவேயில், அதாவது விமானங்கள் தரையில் ஊர்ந்து போகும் பாதையில். காத்திருந்த ஒரு 737இன் தலைக்கு மேலாக, உள்ளே 110 பயணிகள். முதலாவது, நொறுங்கினாலும் நல்ல இறக்கம். இரண்டாவது, பத்திரிகைகள் பல நாள் சிரித்தாலும், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்போது உங்கள் மச்சானுக்கு வருவோம். ஏறலாம். ஏறுவதற்கு முன் ஒன்றிரண்டு கேள்வி கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். "கடைசியாக எப்போது பறந்தீர்கள் மச்சான்?" அமெரிக்கச் சட்டப்படி பயணியை ஏற்ற வேண்டுமானால் முந்தைய 90 நாளில் 3 முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். மூன்று என்பது சட்டத்துக்கு. போன வாரம் பறந்தேன் என்றால் எனக்கு நிம்மதி. "காற்று எவ்வளவு இருந்தால் போக மாட்டீர்கள்?" இதற்கு ஓர் எண் உடனே வர வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் அன்று காபி குடித்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். நேரம் காலையாக இருக்கட்டும். கோடையில் மதியத்துக்கு மேல் தரை சூடேறி விமானம் குலுங்கும். உங்களுக்கும் வாந்தி வரும், அவருக்கும் இறக்கம் கெடும். திரும்பி வந்து இத்தனை மணிக்கு இன்னார் வீட்டு விருந்து என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏறியதும் உங்கள் சீட்டை முன்னே பின்னே ஆட்டிப் பார்த்து, கொக்கி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். செஸ்னாவின் சீட் தண்டவாளம் தேய்ந்து சீட் பின்னால் வழுக்குவது பழைய வியாதி. அதைச் சோதிக்கச் சொல்லி 1987இல் அமெரிக்க விமானத் துறை உத்தரவே போட்டது. வழுக்கினால் பக்கத்தில் கையில் கிடைப்பதைப் பிடிப்பீர்கள், கையில் கிடைப்பது ஸ்டியரிங்.

டவுன்விண்டுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுங்கள். வீடியோ எடுக்கலாம், ஆனால் 'இங்கே பாருங்க மச்சான்' வேண்டாம். ஓடுபாதைக்கு மேலே வந்து, இறங்காமல், திடீரென்று இஞ்சின் உறும மேலே போனால் பதறாதீர்கள். 'என்ன ஆச்சு' என்று கேட்கவும் வேண்டாம், அந்த நேரத்தில் அவருக்கு இரண்டு கையிலும் இரண்டு காலிலும் வேலை. இறங்கிய பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு சுற்றுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடும்.

அப்புறம், கதவு. ஏறிய சற்று நேரத்தில் உங்கள் பக்கத்துக் கதவு சரியாகத் தாழ் விழாமல் இரண்டு அங்குலம் திறந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. பயங்கரமாகச் சத்தம் போடும், காகிதம் பறக்கும். விமானத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது; காற்றே அதற்கு மேல் திறக்கவிடாது. அதை மூடப்போய், அவசரமாக இறங்கப்போய் விழுந்தவர்கள்தான் உண்டு. பெல்ட் போட்டிருக்கிறீர்கள். "மச்சான், கதவு திறந்திருக்கு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு சுற்றுச் சுற்றி, எப்போதும்போல இறங்கி, நின்ற பிறகு மூடிக்கொள்ளலாம்.